ஏழு புள்ளி ஒன்று

மார்ச் 3, திங்கள்

ஆசிட் வியாபாரி பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒன்றரை மாதமாக மேசையில் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். இனிமேல் நான் யாரிடம் என்ன சொன்னேன் என்பதற்கு ஒரு பதிவு இருப்பது நல்லது என்று தோன்றியது. பெயர் ஈஸ்வரமூர்த்தி, பி.எஸ்சி. வேதியியல். சாயப்பட்டறையில் கழிவுநீர்ப் பொறுப்பாளர். தன் டைரியில் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்வது கிறுக்குத்தனம்தான். ஆனால் பதிவு என்றால் பதிவு மாதிரி இருக்க வேண்டும்.

என் வேலை எளிது. துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் காரம் முற்றி, பி.எச். பதினொன்று என்ற அளவில் என் தொட்டிக்கு வரும். நான் அமிலம் விடுவேன். மீட்டர் ஏழைக் காட்டியதும் நிறுத்துவேன். ஏழு என்றால் காரமும் இல்லை, அமிலமும் இல்லை, நடுநிலை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஓடைக்குப் போகும். பதினெட்டு வருடத்தில் ஆறரைக்குக் கீழேயோ ஏழரைக்கு மேலேயோ ஒரு நாளும் விட்டதில்லை. (ஏழரை என்று எழுதும்போதே கை கூசுகிறது.)

இன்று முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். ஓடைக்கு அக்கரையில் தோட்டம் வைத்திருக்கும் ஆறு பேர், எங்கள் பட்டறையால் கிணறு கெட்டுப்போச்சு என்று மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து நாச்சிமுத்து. என் அக்கா தெய்வானையின் புருஷன்.

"ஈஸ்வரமூர்த்தி, நீங்க ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவரு. அடுத்த மாசம் இன்ஸ்பெக்சன் வருது. அதுக்குள்ள இதைய நியூட்ரலைஸ் பண்ணிப்போடுங்க" என்றார்.

பதினெட்டு வருடத்தில் என் துறைச் சொல் ஒன்றை முதலாளி சரியாக உச்சரித்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

கூட்டம். முதலாளி, நான், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே செக்யூரிட்டி ஆபீசராக இருக்கும் சுபேதார் மரியசூசை, கம்ப்யூட்டர் பார்க்கும் நவநீதன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பிரசங்கம்.

சுபேதார் சொன்னார்: "பீரங்கிய ஒடைக்கணும்னு அவசியமே இல்ல சார். நம்ம ஆளு மேல அது சுடாம இருந்தாப் போதும். அதுக்குத்தான் நியூட்ரலைஸ்னு பேரு. ஒடைக்கணும்னா குண்டு நெறைய செலவாகும்."

நாச்சிமுத்து மாமா தன் கிணற்றில் செக்கச் சிவக்க நுரை மிதப்பதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார். பதினாலாயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. நவநீதன் அதை அழிக்கவே வேண்டாம் என்கிறான். "நாம மரம் நடற மாதிரி, ஸ்கூலுக்கு பெஞ்சு குடுக்கற மாதிரி அம்பது வீடியோ விட்டா, அது தானா அடியில போயிருங்க. எங்க லைன்ல அதுதான் நியூட்ரலைஸ்."

மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீசியன் சென்னியப்பன் ஏணி மேலிருந்தே சேர்ந்துகொண்டான். "எங்குளுக்கு நியூட்ரல்ங்கறது ஒரு ஒயருங்க. அது பாட்டுக்கு சிவனேன்னு இருக்கும். அறுந்துச்சுன்னு வைங்க, ஊட்டுல இருக்கற பல்பு பூரா டொப்பு டொப்புன்னு போயிரும்." அவனை யாரும் கேட்கவில்லை.

என் முறை வந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் ஆகும், இதில் யாருக்கும் காயமில்லை, உங்கள் எல்லோருடையதையும் விட எங்கள் துறையில்தான் இந்தச் சொல் சுத்தமாக இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்த உப்பு எங்க போவும்?" என்றார் சுபேதார்.

"தண்ணியிலயே கரைஞ்சிரும்."

"அப்பச் சரி" என்றார். பட்டாளத்துக்காரருக்கு எவ்வளவு சொன்னால் போதுமோ அவ்வளவு சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு மண்வெட்டிக்கு என்ன வேலையோ.

அக்கா காப்பி வைத்தாள். பால் திரிந்தது. இன்னொரு தடவை வைத்தாள். அதுவும் திரிந்தது. மூன்றாவது தடவை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, தென்னையில் குரும்பை எல்லாம் கொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரிதான்.

"ஏண்டா ஈஸ்வரா, விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்ட உக்காந்துட்டு இருக்கறே? உங்க மாமன் ஒண்ணு சொல்றாங்க, உங்க மொதலாளி ஒண்ணு சொல்றாரு. எனக்கு ரெண்டு பேரும் வேண்டாம். நீ படிச்சவன். இந்தத் தண்ணிய உன்ற மிசின்ல பாத்து ஒரு சீட்டு எழுதிக் குடு. நல்ல தண்ணின்னு நீ சொல்லிப்போட்டீன்னா உங்க மாமனை நான் அடக்கிப்போடறேன். கெட்டதுன்னா அதையும் சொல்லிப்போடு. காடு தோட்டம் போனாப் போகுது, வேற பொழப்புப் பாத்துக்கறோம். தெரியாம இருக்கறதுதாங் கண்ணு வெசனமா இருக்குது."

ஒரு பாட்டில் நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள். மூடியை இறுக்கித் திருகி, சிந்தாமலிருக்க ஒரு துணியும் சுற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

முதல் வேலையாக அக்காவின் பாட்டிலைச் சோதித்தேன். மீட்டரை இரண்டு முறை சரிபார்த்து, மூன்று முறை அளந்தேன். ஏழு புள்ளி ஒன்று. மூன்று முறையும் ஏழு புள்ளி ஒன்று!

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன்.

கரைந்த உப்பை அளக்க வேறொரு மீட்டர் உண்டு, பேனா அளவில். வீட்டுக்கு வீடு குடிநீர் மிஷின் விற்க வருகிறவன்கூட வைத்திருப்பான். என்னுடையதில் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். ஏழு என்றால் என்ன என்று விளக்கினேன். பாலைப்போல, மழைத்தண்ணீரைப்போல என்றேன். ஏறக்குறைய சரிதான்.

மாமா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்றார். நான் கோபப்படவில்லை. "பதினெட்டு வருசமா மொதலாளி சோறு போட்டிருக்காருங்க மாமா. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கோணும்" என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

"அவரு உப்பிட்டதைத்தான் மாப்பிள்ள கெணத்துல பாத்துட்டு இருக்கறேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்து, "சும்மா இருங்க. எந்தம்பி பொய் சொல்லமாட்டான்" என்றாள். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

சீட்டு தோட்டம் தோட்டமாகப் போய் வந்திருக்கிறது. அக்காவே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம். ஆறு பேரில் நான்கு பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முதலாளி என் அறைக்கு ஏசி போடச் சொல்லியிருக்கிறார். சுபேதார் கை கொடுத்து, "ஒரு குண்டு வெடிக்கல சார், நாலு பீரங்கி காலி" என்றார். நல்ல மனிதர். உவமைதான் கொஞ்சம் கரடுமுரடு.

மார்ச் 16, ஞாயிறு

கடைப்பக்கம் போனேன். காய்கறி, ஷேவிங் பிளேடு, கொசுவர்த்தி. பேட்டரி வாங்க மறந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

அக்கா போன் செய்தாள். மாடு கிணற்றுத் தண்ணீரில் மூஞ்சியே வைக்கவில்லையாம். தொட்டியை மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறதாம். "ஏழுன்னு நீ சொல்லிப்போட்டே. மாட்டுக்கு அது வெளங்கலியாட்ட இருக்குதுடா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பேட்டரி வாங்கினேன். அக்கா கொடுத்த பாட்டிலில் கால்வாசி மீதி இருந்தது. சும்மா ஒரு முறை முக்கிப் பார்த்தேன்.

அந்த மீட்டர் ரொம்பப் பழசு. அது என்ன சொன்னாலும் நம்புவதற்கில்லை. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 22, சனி

வயிறு சரியில்லை. லீவு.

மார்ச் 27, வியாழன்

சுபேதார் யோசனைப்படி அக்கா வீட்டுக்குத் தினமும் இரண்டு கேன் குடிதண்ணீர் கம்பெனி வண்டியில் போகிறது. தண்ணீர் கெட்டது என்பதற்காக இல்லை. நல்லெண்ணம். இன்று காப்பி திரியவில்லை. அக்கா டம்ளரை நீட்டிவிட்டு, "ஏண்டா, கெணத்துத் தண்ணி நல்லாருக்குதுன்னா இதைய என்னத்துக்கு அனுப்பறாங்க?" என்றாள். ரொம்ப நியாயமான கேள்வி. காப்பி சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதலாளி சொல்லி இரண்டு நாளாகப் போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெயில் காலம், தொட்டி சூடாகிவிடும் என்றார். தண்ணீர் தெளிந்து பளபளவென்று இருக்கிறது. ஏழு.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். முப்பது வயதிருக்கும். டீ வேண்டாம், இளநீர் வேண்டாம், ஏசியும் வேண்டாம் என்றார். எங்கள் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். எல்லா அளவும் வரம்புக்குள். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதோடு போயிருக்கலாம். "மனுக் கொடுத்தவங்க கிணறு எங்க?" என்று கேட்டு ஓடையைத் தாண்டி நடந்தே போனார். நானும் பின்னால் போனேன். மாமா வாளி போட்டு இறைத்துக் கொடுத்தார். அந்தம்மா கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து முக்கினார்.

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றார். "ரெண்டாயிரத்துக்கு மேல போனா மாட்டுக்கே கஷ்டம். இது உப்புத் தண்ணிங்க அம்மா. இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

அக்கா உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து வந்தாள். அந்தம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு. சரியாத்தான் இருக்கு சார். உப்பு ஏன் பாக்கலை?"

"கேக்கலைங்க மேடம்" என்றேன்.

உண்மைதானே? தண்ணீரைப் பார்த்துச் சொல் என்றுதான் அக்கா கேட்டாள். உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கோகிலாவிடமும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. வருடா வருடம் அக்கா வீட்டிலிருந்து தேங்காயும் வேப்பம்பூ ரசமும் வரும். இந்த வருடம் வரவில்லை. காய்ப்பு இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளை மறுநாள் விசாரணை. எங்கள் வக்கீல் விளக்கினார். கிணற்றில் உப்பு இருப்பதை மறுக்க முடியாது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மார்ச் பத்தாம் தேதி மனுதாரரின் சொந்த மச்சினன், அதுவும் வேதியியல் படித்தவர், சோதித்து நல்ல தண்ணீர் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார். ஆகவே உப்பு அதற்குப் பிறகு வந்தது, உரம் அதிகமாகப் போட்டதால் வந்தது. "மொத்தக் கேசும் உங்க சீட்டு மேலதான் சார் நிக்குது" என்றார் வக்கீல். என் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதலாளி, "அடுத்த மாசத்திலிருந்து நீங்கதான் சீஃப் கெமிஸ்ட்" என்றார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். வாசலிலேயே நின்று பேசினாள்.

"ஈஸ்வரா, நீ யாரு மேலயும் பழி சொல்ல வேண்டாம். உங்க மொதலாளிய ஒண்ணும் சொல்ல வேண்டாம். உப்பை அளந்து பாக்கலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடு. அது நெசந்தானே? அது போதும், பட்டறைக்காரங்க பதில் சொல்லித்தான் ஆகோணும்னு அந்த இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்க. அந்தச் சீட்டைக் காட்டி நாலு பேரை நாந்தாங் கண்ணு திருப்பி உட்டேன். அவிங்க மூஞ்சியில முழிக்க முடியல என்னால."

சரி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "பாக்கலாங்க்கா" என்றேன். அவள் அதையே சரி என்று எடுத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 24, வியாழன்

விசாரணை. பெரிய ஹால், நான்கு மின்விசிறி, இரண்டு ஓடியது. இடது பக்கம் பட்டறைக்காரர்கள், வலது பக்கம் மாமா, அக்கா, கையெழுத்தை விடாத இன்னொரு விவசாயி. எனக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள். நடுவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

அதிகாரி கூப்பிட்டார். "இந்தச் சீட்டு நீங்க கொடுத்ததா?"

"ஆமாங்க."

"அளவு சரிதானா?"

"ஏழு புள்ளி ஒண்ணு. மூணு தடவை பாத்தேனுங்க."

"இதைப் பத்தி வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். யாரும் அவளை எழச் சொல்லவில்லை. முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். சின்ன வயதில் நான் ஒப்புவித்தல் போட்டியில் மேடையேறும்போதெல்லாம் கீழே நின்று இப்படித்தான் பார்ப்பாள். நான் சொல்ல வேண்டியதை அவள் உதடு முன்னாலேயே சொல்லும்.

அளக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அளந்தேன் என்று சொன்னால் எத்தனை என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

யார் பக்கமும் பேசவில்லை. ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்கிறேன்.

மே 2, வெள்ளி

போதிய ஆதாரம் இல்லை என்று மனு தள்ளுபடி. சுபேதார் லட்டு கொடுத்தார். நவநீதன் மரம் நடும் வீடியோவில் என்னையும் நிற்க வைத்தான். மரக்கன்றுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன், கேன் தண்ணீர்.

மே 9, வெள்ளி

சீஃப் கெமிஸ்ட் என்று கதவில் பெயர்ப்பலகை. அக்கா வீட்டுக்குப் போகும் இரண்டு கேனும் திரும்பி வந்துவிட்டதாக டிரைவர் சொன்னான். மூடியே திறக்கவில்லையாம். நடுநிலையோடு யோசித்தால், மாமாவின் கோபம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அக்கா வந்தாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் என்னைத் திட்டுவாள், இரண்டு அறை வைப்பாள், அழுவாள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்று வாரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். திட்டுக்கு என்னென்ன பதில் என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. மாட்டை விற்றாகிவிட்டது, மாமாவுக்கு வெளியூர் மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது, புதன்கிழமை கிளம்புகிறோம் என்றாள். "சொல்லாமப் போனா நல்லாருக்காதுங்க. அதான் வந்தேன்" என்றாள். என் அக்கா என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். பதவிக்குக் கொடுக்கும் மரியாதை என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"உள்ள வாக்கா" என்றேன். உள்ளே வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கோகிலா வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்தபடியே குழந்தைகள் படிப்பைப் பற்றிக் கேட்டாள். கோகிலாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்து, டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்க்கா" என்றேன்.

"இருக்கட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே வந்தபோது கோகிலா ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"உங்கக்கா நம்மூட்டுல பச்சத்தண்ணி குடிக்கலீங்க" என்றாள்.

அவளுக்குத் தாகம் இருந்திருக்காது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. மெயின்ரோட்டில் இறங்கி, மூன்று மைல் வெயிலில் நடந்து வந்தவள்.